திருகோணமலையில் மருத்துவ மாணவரையும் கற்பிப்போரையும் தக்கவைப்பது எப்படி?

கோணேசபுரி விரிவுரையாளர் எழுதியது:

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் 2008ஆம் ஆண்டு ஓர் அலகாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் பீடமாக உயர்ந்தது. அதே பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம், அதாவது மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கும் பீடம், மட்டக்களப்பில் இயங்குகிறது. தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள ஒரு மாவட்டத்தில் மருத்துவக் கல்வியைத் தொடங்குவது பற்றி நம்மவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். தொடங்கிய பின் அங்கே படிப்பவரும் படிப்பிப்பவரும் நிலைத்திருக்க என்ன வேண்டும் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் பக்கத்திலிருந்து ஒரு விடயத்தை முதலில் வைக்கிறேன். சிறிய பீடமொன்றில் ஒரே விரிவுரையாளர் காலையில் மருந்துப் பொருள்களின் இயல்பைக் கற்பிக்கும் குணபாடம் நடத்துவார், பிற்பகலில் மருந்து செய்முறை வகுப்பை மேற்பார்வை செய்வார், வாரத்தில் சில நாள் வைத்தியசாலையில் மாணவருடன் நிற்பார். இவற்றோடு வினாத்தாள் தயாரிப்பும், மாணவர் ஆலோசகர் பொறுப்பும், குழுக் கூட்டங்களும் அவர் தலையிலேயே விழும். அவர் தகுதிகாண் விரிவுரையாளராக இருந்தால், குறித்த காலத்துக்குள் பட்டப்பின் தகுதியையும் பெற்றாக வேண்டும். இல்லாவிட்டால் நிரந்தர நியமனம் கிடையாது. சித்த மருத்துவத்தில் அத்தகைய உயர்கல்விக்கு எங்களில் பலர் இந்தியாவையே நாடுகிறோம். சென்னை தாம்பரத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த நிறுவனமும் பாளையங்கோட்டை அரச சித்த மருத்துவக் கல்லூரியும் அவ்வாறு செல்வோர் அறிந்த இடங்கள். எம்.டி. பட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் ஆகும். ஒருவர் அங்கே சென்றால் அவருடைய வகுப்புகள் எஞ்சியிருப்போரின் தோளில் ஏறும். எஞ்சியிருப்போர் களைத்துப் போனால் அதன் விளைவை அனுபவிப்பவர்கள் மாணவர்கள்.

ஆகவே மாணவர் நலன் என்றும் ஆசிரியர் நலன் என்றும் இரண்டு கோப்புகள் வைத்திருப்பதே பயனற்றது என்பது என் கருத்து. மாணவருக்குச் செய்யக்கூடிய முதல் உதவி, அவருக்குக் கற்பிப்பவரின் நேரத்தைக் காப்பதுதான். மறுப்பவர்கள் தயங்காமல் எழுதலாம்.

சித்த மாணவி (மருத்துவமனைப் பயிற்சி ஆண்டு) எழுதியது:

சேர் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் மாணவருக்கு நேரடியாக வேண்டியவை சில உள்ளன. அவற்றை ஆசிரியரின் பெயரால் ஒதுக்கிவிடக் கூடாது.

முதலாவது, போக்குவரத்து. எங்கள் வளாகம் நகருக்கு வடக்கே நிலாவெளி வீதியில் இருக்கிறது. பயிற்சிக்குச் செல்லும் கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலையோ நகருக்கு மறுபுறம் கண்டி வீதியில் இருக்கிறது. வளாகப் பேருந்து கிடைக்காத நாளில் நகரப் பேருந்து நிலையத்தில் இறங்கி இன்னொரு பேருந்துக்கு மாற வேண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இந்தப் பயணம் எப்படியிருக்கும் என்று திருமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. காலை வெளிநோயாளர் பிரிவில் நோயாளர் நிறைந்திருக்கும் முதல் ஒரு மணித்தியாலத்தைத் தவறவிட்டால், அன்றைய பாடத்தில் பாதி போய்விடுகிறது.

இரண்டாவது, வாடகை. உப்புவெளியும் நிலாவெளியும் சுற்றுலாப் பயணிகளுக்குரிய இடங்களாகிவிட்டன. சித்திரை முடிந்து புரட்டாதி வரையில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், மாணவருக்கு மாத வாடகைக்குக் கொடுத்த அறையை ஒரு நாள் வாடகைக்குக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு இலாபம் அதிகம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அந்த மாதங்களில்தான் உழைப்பு. ஆனால் எங்கள் பரீட்சை சுற்றுலாப் பருவம் பார்த்து வருவதில்லை. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தார்கள். அதை வரவேற்கிறோம். அந்தத் தொகைக்குள் அறை வாடகையும் சாப்பாடும் பயணச் செலவும் அடங்கா என்பதும் அனைவரும் அறிந்ததே.

மூன்றாவதே எனக்கு முக்கியமானது. நாடி பார்த்தலை விரிவுரை மண்டபத்தில் கற்க முடியாது. ஆசிரியர் முதலில் நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நடையை உணர்ந்த பிறகு, மாணவர் அதே கையில் விரல் வைத்துத் தாம் உணர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் அதைத் திருத்த வேண்டும். நோயறியும் எண்வகைத் தேர்வில் நாடியைத் தவிர்ந்த பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகியவையும் அப்படித்தான். கட்டிலைச் சுற்றிப் பெருங்கூட்டம் நின்றால் முன்வரிசையில் நிற்பவர் மட்டுமே கற்கிறார். மருந்து செய்முறையிலும் இதே நிலைதான். தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்ற எரிப்பின் மூன்று நிலைகளைப் பரீட்சைக்கு எழுதிவிடலாம். ஆனால் அடுப்பருகே நின்று, எப்போது விறகைக் கூட்டுவது, எப்போது இழுப்பது என்று ஒருவர் காட்டாவிட்டால் அது கைக்கு வராது. அப்படிக் காட்டுவதற்கு ஆசிரியர் போதாமல் இருக்கிறார்கள். இந்த இடத்தில் நான் சேருடன் முழுமையாக உடன்படுகிறேன்.

அடிலெய்டில் வாழும் திருமலையார் எழுதியது:

இங்குள்ள நம் ஊர்க்காரர் சிலர் சேர்ந்து மருத்துவ மாணவருக்குப் புலமைப்பரிசில் நிதியொன்றைத் தொடங்குவது பற்றிப் பேசிவருகிறோம். அதனால் இந்த இழையைக் கவனமாக வாசிக்கிறேன்.

நான் வாழும் தென் அவுஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர் சிலரை நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்குப் பதிலாக ரிவர்லேண்ட் என்ற ஊரகப் பகுதிக்கு முழு ஆண்டும் அனுப்பினார்கள். அங்கே அவர்கள் சிறிய வைத்தியசாலைகளிலும் குடும்ப மருத்துவர்களிடமும் கற்றார்கள். ஒரே தாயைக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் அதன் பின்னரும் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் பரீட்சைப் பெறுபேறுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஊரகத்தில் கற்றவர்கள் நகரத்தில் கற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை, முன்னேறியே இருந்தார்கள். கனடாவில் 2005இல் திறக்கப்பட்ட வட ஒன்ராறியோ மருத்துவக் கல்லூரியும் தன் மாணவரை மூன்றாம் ஆண்டில் எட்டு மாதங்கள் சிறு நகரங்களில் தங்கிப் பயில வைக்கிறது.

இவற்றைப் படித்தபோது என் கவனத்தை ஈர்த்தது ஒன்று உண்டு. அங்கே பணத்தின் ஒரு பங்கு மாணவர் தங்குமிடத்துக்கும், இன்னொரு பங்கு கற்பிக்கும் ஊர் மருத்துவருக்கும் போகிறது. நம்மவர்களிடம் நிதி கேட்டால், பெயர்ப்பலகை பதிக்க ஒரு கட்டடம் உண்டா என்பதே முதற் கேள்வியாக இருக்கிறது. ஒரு மருத்துவர் வாரத்தில் அரை நாளை மாணவருக்கென ஒதுக்குவதற்கு உதவியவர் என்று எந்தச் சுவரில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் புலமைப்பரிசிலைக் கைவிட எனக்கு மனமில்லை. ஏழை மாணவர் ஒருவர் பேருந்துக் காசு இல்லாமல் பயிற்சியைத் தவறவிடுவாரானால், ஆசிரியரின் நேரத்தைக் காத்து என்ன பயன்?

கிழக்கில் பணியாற்றும் வைத்திய நிபுணர் எழுதியது:

நான் சுகாதார அமைச்சின் கீழ் பணியாற்றுபவன், பல்கலைக்கழக ஊழியன் அல்லன். ஆயினும் மருத்துவ மாணவர் என் நோயாளர் விடுதிக்கு வருகிறார்கள், நானும் கற்பிக்கிறேன். நாட்டின் பல மருத்துவபீடங்களில் கட்டிலருகே நடக்கும் கற்பித்தலில் கணிசமான பங்கை என்னைப் போன்ற அமைச்சு நிபுணர்களே செய்கிறார்கள் என்பது வெளியே அதிகம் தெரியாத உண்மை. ஆகவே கற்பிப்போருக்கான உதவியை நிரந்தர விரிவுரையாளரோடு நிறுத்திவிட்டால் பாதிப் பேர் கணக்கில் விடுபட்டுப் போவார்கள்.

என் காலை வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதிச் சுற்று முடிந்தவுடன் கிளினிக் தொடங்கிவிடும். தூர ஊர்களிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்தவர்கள் வெளியே வாங்கில்களில் காத்திருப்பார்கள். மாணவரை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியைப் பார்த்தால் நேரம் இரட்டிப்பாகும். கற்பித்தலை நான் நீட்டினால் வாங்கிலில் இருப்பவர் கடைசிப் பேருந்தைத் தவறவிடுவார். கிளினிக்கை விரைவாக முடித்தால் மாணவர் என் முதுகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். இரண்டையும் ஒரே நேரத்தில் நன்றாகச் செய்ய எவராலும் முடியாது. இங்கே தேவைப்படுவது என் ஊதியத்தில் ஒரு சிறு கூட்டல் அன்று. கிளினிக் பட்டியல் குறைக்கப்பட்ட ஒரு நாள் எனக்கு வேண்டும். அந்த நாளில் என் நோயாளரைப் பார்க்க இன்னொரு மருத்துவரும் வேண்டும்.

நல்ல கற்பித்தலுக்கு நீண்ட நேரம் தேவை என்பதும் முழு உண்மையன்று. மாணவர் ஒரு நோயாளியிடம் வரலாறு கேட்பதை, குறுக்கிடாமல், ஒரு பத்து நிமிடம் ஓரமாக நின்று பார்க்கலாம். பிறகு தனியே அழைத்து, எது சரியாக இருந்தது, எந்தக் கேள்வி விடுபட்டது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஒரு மணித்தியால விரிவுரையைவிட இது அவர் மனத்தில் நிற்கும். ஆனால் இதை எப்படிச் செய்வது என்று எனக்கு எவரும் முறையாகச் சொல்லித் தந்ததில்லை. நிபுணராவதற்கான பயிற்சியில் நோயைப் பற்றிக் கற்றோம். கற்பிப்பதைப் பற்றி மிகச் சிறிதளவே கற்றோம். மருத்துவக் கல்வி அலகுகள் நடத்தும் பயிற்சிப் பட்டறைகளுக்கு வெளியூர் வைத்தியசாலை நிபுணர்களையும் அழைக்க வேண்டும். முடிந்தால் பட்டறையே எங்களிடம் வரவேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமைச்சு நிபுணர்கள் இடமாற்ற முறைக்கு உட்பட்டவர்கள். ஓர் ஊரில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் போய்விடுவோம். பிள்ளைகளின் பாடசாலை, மனைவியின் அல்லது கணவரின் தொழில், வயதான பெற்றோர் என்று ஒவ்வொருவருக்கும் காரணம் இருக்கும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டே சென்றவர்களையும் அறிவோம். கற்பிப்பவர் மாறும்போது அவரோடு பழகி வந்த கற்பித்தல் முறையும் போய்விடுகிறது. பல்கலைக்கழகம் தரும் ஒரு முறையான நியமனக் கடிதம், நூலக அனுமதி, பரீட்சைக் குழுவில் ஓர் இடம் ஆகியவை பார்வைக்குச் சிறியவை. ஆனால் நாம் இந்தக் கல்விக்கு உரியவர்கள் என்ற உணர்வை அவைதாம் தருகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் கற்பித்த ஒருவருக்கு அவர் விடைபெறும்வரை ஒரு வரிக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை.

மூதூர்ப் பெற்றோர் எழுதியது:

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்செல்லாம் சாத்தியமானது. அதற்கு முன் படகுப் பாதைக்குக் காத்திருந்தே நாள் போய்விடும். இன்று மூதூரிலிருந்து நகருக்குப் பிள்ளை போய் வரலாம். ஆனால் இரவுப் பணிப் பயிற்சி முடிந்து வரும் பெண் பிள்ளைக்குப் பேருந்து இல்லை. மகப்பேற்றுப் பயிற்சி நள்ளிரவிலும் நடக்கும் என்கிறார்கள். வைத்தியசாலை வளாகத்துக்குள்ளேயே பூட்டுள்ள ஓர் ஓய்வறையும் கழிப்பறையும் இருந்தால், பாதிப் பெற்றோரின் அச்சம் நீங்கும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற தாதிய பரிபாலகர் எழுதியது:

மூதூர்ப் பெற்றோர் கேட்டது நியாயமானது, செய்வதற்கும் எளியது. ஆனால் அந்த அறையின் திறப்பு யாரிடம் இருக்க வேண்டும், அதை யார் துப்புரவு செய்வது, இரவில் மாணவிக்கு மயக்கம் வந்தால் யாருக்குச் சொல்வது என்பவற்றைப் பல்கலைக்கழகமும் வைத்தியசாலையும் எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டும். நான் பணியாற்றிய காலத்தில் மாணவர் வருகிறார்கள் என்ற செய்தியே சில வேளைகளில் அவர்கள் வாசலில் நின்ற பிறகுதான் விடுதிப் பொறுப்புத் தாதிக்குத் தெரியவரும். அன்று நோயாளர் கழுவித் துடைக்கப்படும் நேரமாக இருக்கும், அல்லது மருந்து வழங்கும் நேரமாக இருக்கும். அப்போது மாணவர் மீது எரிச்சல் வருவது இயல்பு. அந்த எரிச்சலை மாணவர் தம் தகுதிக் குறைவென்று எடுத்துக்கொள்வதும் இயல்பு.

கற்பிப்பவர்கள் என்று நீங்கள் எழுதும்போது மருத்துவரையும் விரிவுரையாளரையும் மட்டுமே குறிப்பிடுகிறீர்கள். ஊசி ஏற்றுவதையும் புண் கட்டுவதையும் மாணவர் எவரிடம் கற்கிறார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். நோயாளியின் உறவினரிடம் கெட்ட செய்தியை எந்தத் தொனியில் சொல்வது என்பதையும் பல மருத்துவர்கள் ஒரு மூத்த தாதியைப் பார்த்தே பழகியிருக்கிறார்கள். கப்பல்துறையில் தொக்கணமும், அதாவது உடலைப் பிடித்துவிடும் சிகிச்சையும், எண்ணெய்ப் பிரயோகமும் செய்யும் சிகிச்சை உதவியாளர்களும் அப்படிப்பட்டவர்களே. அவர்களுக்கும் ஒரு சான்றிதழும் ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தால் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருகோணமலையில் விடுதிக்கு வரும் நோயாளர் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஆவர். கந்தளாயிலிருந்து வரும் ஒரு மூதாட்டியிடம் வயிற்று வலி எப்படிப்பட்டது என்று கேட்கச் சிங்களம் தெரியாத மாணவரும், வெருகலிலிருந்து வரும் ஒரு கடற்றொழிலாளியிடம் அதையே கேட்கத் தமிழ் தெரியாத மாணவரும் சமமாகவே திண்டாடுகிறார்கள். மொழிபெயர்க்கும் வேலை கடைசியில் எங்களிடமே வரும். பயிற்சி தொடங்குவதற்கு முன் சில வாரங்கள் நோயாளர் பேச்சுமொழியை இரு பக்கத்தாருக்கும் கற்பித்தால் எல்லாருக்கும் நன்மை.

யாழ்ப்பாணத்தில் பயின்ற சித்த வைத்தியர் எழுதியது:

எல்லாரும் ஒரே திசையில் எழுதுவதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைநகருக்கு வெளியே மருத்துவம் கற்பிப்பது நமக்குப் புதிய செய்தியன்று. 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மாணவரைச் சேர்த்து மருத்துவம் கற்பித்தார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அந்த முயற்சி பெரும்பாலும் ஒரு மனிதரின் ஊக்கத்தில் நின்றது; அவர் போன பிறகு அதே வலுவோடு தொடரவில்லை. பிறகு 1978இல்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் வந்தது. நடுவே ஏறக்குறைய நூறு ஆண்டுகள். இதனால்தான் ஓர் அர்ப்பணிப்புள்ள ஆசிரியரை நம்பி நடக்கும் எந்தத் திட்டத்தையும் நான் ஐயத்தோடு பார்க்கிறேன். ஆசிரியரின் நேரத்தைக் காப்பது நல்லது. அவர் போனால் அந்த இடத்துக்கு வர இன்னொருவர் ஆயத்தமாக இருக்கிறாரா என்பதே என் கேள்வி.

அடுத்து, படித்து முடித்தவரின் நிலை. சித்த மருத்துவப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள், அதன் பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்ட பின்னும் அரச நியமனத்துக்காகக் காத்திருக்கும் பட்டதாரிகளை நாம் எல்லாரும் அறிவோம். மாணவருக்குத் தங்குமிடம், புலமைப்பரிசில், ஆலோசனை எல்லாம் கொடுத்து, பட்டம் பெற்ற மறுநாள் அவரை வீட்டு வாசலில் விட்டுவிடுவது என்ன வகையான ஆதரவு? முதலில் பதவி வெற்றிடங்களைப் பற்றிப் பேசுங்கள்.

கோணேசபுரி விரிவுரையாளர் எழுதியது:

யாழ்ப்பாணத்து வைத்தியர் ஐயா எழுப்பிய இரண்டு கேள்விகளும் ஒன்றுக்கொன்று விடையாக அமையக்கூடியவை. காத்திருக்கும் பட்டதாரிகளில் விருப்பமுள்ளவர்களைத் தற்காலிக அடிப்படையில் செய்முறை ஆசிரியர்களாகவும் விடுதிக் கற்பித்தல் உதவியாளர்களாகவும் நியமித்தால், மாணவி கேட்ட கட்டிலருகுச் சிறு குழுக்கள் சாத்தியமாகும். மூத்த ஆசிரியர் ஒருவர் பல குழுக்களை மேற்பார்வை செய்யலாம். அந்த இளையவர்களில் சிலர் நாளைய தகுதிகாண் விரிவுரையாளர்கள் ஆவார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: தற்காலிக நியமனத்தை ஆண்டுதோறும் நீட்டிக்கொண்டே போய், குறைந்த கொடுப்பனவுக்கு முழு வேலையும் வாங்கும் வழக்கமாக அது மாறிவிடக் கூடாது. நியமனக் காலமும் அதன் முடிவில் அவருக்கு உரியது என்ன என்பதும் முதல் நாளே எழுதப்பட வேண்டும்.

மேலும், உலக சுகாதார நிறுவனம் தொலைதூரப் பகுதிகளில் சுகாதாரப் பணியாளரைத் தக்கவைப்பது பற்றி 2010இல் பரிந்துரைகளை வெளியிட்டு, 2021இல் அவற்றைப் புதுப்பித்தது. ஊரகப் பின்னணியுள்ள மாணவரைச் சேர்ப்பது, கல்விநிலையத்தை அவர்களுக்கு அருகே அமைப்பது, பணியாளருக்கு வசிப்பிடமும் குடும்பத்துக்கேற்ற சூழலும் தொழில்முறைத் தொடர்புகளும் கிடைக்கச் செய்வது ஆகியவை அவற்றில் அடங்கும். இவற்றுள் ஒன்றை மட்டும் தனியே செய்தால் பலன் குறைவு, சேர்த்துச் செய்ய வேண்டும் என்பதையும் அது வலியுறுத்துகிறது. முதலாவதில் நம் நாடு ஓரளவு முன்னதாகவே அடியெடுத்து வைத்துவிட்டது: பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடும், அதற்கு மேல் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஐந்து சதவீத ஒதுக்கீடும் உள்ளன, திருகோணமலை அந்த மாவட்டங்களில் ஒன்று. சேர்ப்பதற்கான கதவு திறந்திருக்கிறது. அதற்கு அடுத்த படிகள்தாம் பலவீனமாக உள்ளன.

மட்டக்களப்புப் பீடத்தோடு ஒன்றாகச் செய்யக்கூடியவையும் உண்டு. கரையோர ஏ-15 வீதியில் பாலங்கள் அமைந்த பின் இரண்டு நகரங்களும் சில மணித்தியாலப் பயணத்துக்குள் வந்துவிட்டன. நோயாளரோடு உரையாடும் திறன், ஆராய்ச்சி முறை, மருத்துவ ஒழுக்கவியல் போன்ற பொதுப் பாடங்களை இரு பீடங்களும் பகிர்ந்துகொள்ளலாம். கொரோனாக் காலத்தில், பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பின் வழியே இணைய வகுப்பு நடத்திப் பழகிவிட்டோம். நாடி பார்த்தலை இணையத்தில் கற்பிக்க முடியாது என்று மாணவி சொல்வார், முடியாதுதான். இணையத்தில் முடிவதை அங்கே நடத்தினால், முடியாததற்கு ஆசிரியரின் நேரம் மிஞ்சும்.

சித்த மாணவி எழுதியது:

இழையில் இதுவரை ஒருவரும் தொடாத ஒன்றை எழுதுகிறேன். 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்வேடு, பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ மாணவரில் 27.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள் காணப்பட்டதாகவும், 11.1 சதவீதத்தினரிடம் தற்கொலை எண்ணம் இருந்ததாகவும் வெளியிட்டது. அவ்வாறு மனச்சோர்வு கண்டறியப்பட்டவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 சதவீதத்தினரே.

அந்தக் கடைசி எண்ணைச் சிறிய வளாகத்தில் இருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். மாணவர் ஆலோசகராக இருப்பவரே எங்களுக்கு விரிவுரை நடத்துகிறார், அவரே பரீட்சையிலும் எங்களை மதிப்பிடுகிறார். எங்கள் ஆசிரியர்கள் அன்பானவர்கள் என்பதில் ஐயமில்லை; ஆயினும் புள்ளியிடும் ஒருவரிடம் நான் இரவில் உறங்குவதில்லை என்று எந்த மாணவி சொல்வாள்? பகிடிவதையைப் பற்றி முறையிடுவதிலும் இதே தயக்கம் இருக்கும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது என்பது தெரிந்தாலும், முறைப்பாடு யாருடைய மேசைக்குப் போகும் என்று எண்ணிப் பலர் பின்வாங்குவார்கள். பரீட்சையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, வளாகத்துக்கு வெளியே இருந்து வரும் ஓர் உளவள ஆலோசகர் குறித்த நாளில் வந்தால் போதும். இரவில் அவசரமென்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 உண்டு என்பதையும் மாணவர் தங்கும் விடுதியின் அறிவித்தல் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும்.

கிழக்கில் பணியாற்றும் வைத்திய நிபுணர் எழுதியது:

தங்கை எழுதியது கற்பிப்போருக்கும் பொருந்தும். இளம் விரிவுரையாளர் தம் களைப்பை யாரிடம் சொல்வார்? அவருடைய பதவி உறுதிப்படுத்தலுக்குப் பரிந்துரை எழுதும் துறைத்தலைவரிடமா? வெளி ஆலோசகர் வருவதானால் அவருடைய நேரத்தில் ஒரு பகுதி ஆசிரியருக்கும் ஒதுக்கப்பட வேண்டும்.

அடிலெய்டு நண்பருக்கு ஒரு வேண்டுகோள். நிதியைத் தொடங்கினால் அதிலிருந்து வெளியூர் நிபுணரொருவர் மாதம் ஒருமுறை இங்கே வந்து இரண்டு நாள் தங்கிக் கற்பிப்பதற்கான பயணச் செலவையும் தங்குமிடச் செலவையும் கொடுங்கள். அந்த இரண்டு நாளும் அவர் நோயாளரையும் பார்ப்பார். உள்ளூர் மருத்துவர் ஒருவர் அந்நேரத்தில் பயிற்சிக்குப் போய்வரலாம். ஒரே செலவில் மூன்று வேலை.

அடிலெய்டில் வாழும் திருமலையார் எழுதியது:

இதை எங்கள் கூட்டத்தில் முன்வைக்கிறேன். பயிற்சிக் காலப் பயணச் செலவுக்கு ஒரு பங்கு, வருகைதரும் ஆசிரியருக்கு ஒரு பங்கு என்று பிரிக்கலாம் என்பது என் எண்ணம். விகிதத்தை நீங்கள் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. தனிப்பட்டவர் கணக்குக்கு ஒரு சதமும் அனுப்ப மாட்டோம். பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவு வழியாக, பற்றுச்சீட்டோடுதான் அனுப்புவோம். இதனால் சில மாதங்கள் தாமதமாகும் என்று தெரியும்; ஊர்ப்பணத்தில் ஏற்படும் சந்தேகத்தைவிடத் தாமதம் மேல்.

யாழ்ப்பாணத்தில் பயின்ற சித்த வைத்தியர் எழுதியது:

செய்முறை ஆசிரியர் யோசனையை ஆதரிக்கிறேன். பதவி வெற்றிடங்களைப் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்குப் பீடம் விடை சொல்ல முடியாது, மாகாண சபையும் அமைச்சும்தான் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதுவதற்குப் பட்டதாரிகள் சங்கத்தினர் முன்வந்தால் நானும் கையொப்பமிடுகிறேன்.

கோணேசபுரி விரிவுரையாளர் எழுதியது:

பணமில்லாமல், அல்லது மிகச் சிறு செலவில், உடனே செய்யக்கூடியவற்றைப் பீடச் சபைக்கான குறிப்பாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். வைத்தியசாலைக்கு மாணவர் வரும் நாள்களின் அட்டவணையைத் தவணைக்கு முன்னரே விடுதிப் பொறுப்புத் தாதியருக்கு அனுப்புவது, வருகைதரு ஆசிரியர்களுக்கும் சிகிச்சை உதவியாளர்களுக்கும் நியமனக் கடிதமும் நூலக அனுமதியும் வழங்குவது, இரவுப் பயிற்சி மாணவியருக்கான ஓய்வறை பற்றி வைத்தியசாலைப் பணிப்பாளரோடு எழுத்தில் உடன்பாடு காண்பது, வெளி ஆலோசகரை அழைப்பது ஆகியவை அதில் உள்ளன. பரீட்சையில் மதிப்பிடாத ஒருவரே ஆலோசகராக இருக்க வேண்டும் என்ற மாணவியின் நிபந்தனையையும் அவருடைய சொற்களிலேயே சேர்த்திருக்கிறேன்.

தாதிய பரிபாலகர் அம்மாவிடம் ஒரு கேள்வி: பேச்சுமொழிப் பயிற்சியைப் பயிற்சிக் காலத்துக்கு முன் வகுப்பறையில் நடத்துவது நல்லதா, அல்லது முதல் இரண்டு வாரம் விடுதியிலேயே ஒரு தாதியோடு நின்று பழகுவது நல்லதா?

ஓய்வுபெற்ற தாதிய பரிபாலகர் எழுதியது:

விடுதியிலேயே. பிற்பகலில் உறவினர் பார்க்க வரும் நேரத்துக்குச் சற்று முன்பாக வரச் சொல்லுங்கள். அப்போது காலை வேலைகள் முடிந்திருக்கும், நோயாளரும் பேச விரும்புவார்கள். ஒரு விடுதிக்கு இருவருக்கு மேல் அனுப்ப வேண்டாம்.